ஈ.டி.பி. கட்ட ஆலோசகரை அமர்த்தும் முன்: சாயப்பட்டறை உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்காக?

திருப்பூர், ஈரோடு, பள்ளிபாளையம், கரூர் பக்கம் சாயப்பட்டறை, பிரின்டிங், வாஷிங் யூனிட் நடத்துகிறவர்களுக்காக. சொந்தமாக கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் (ஈ.டி.பி.) போட வேண்டும், அல்லது இருப்பதைப் பெரிதாக்க வேண்டும், அதற்கு ஒரு தொழில்நுட்ப ஆலோசகரைத் தேடுகிறீர்கள் என்றால் மேலே படியுங்கள். பெரிய மில்களில் கொட்டேஷனைப் பிரித்து மேய்வதற்கு இன்ஜினியர்கள் இருப்பார்கள். நம் யூனிட்டில் முதலாளியும் அவர் மச்சானும்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததுதான். நொய்யலில் சாயக் கழிவு கலந்து ஒரத்துப்பாளையம் அணை வரை பாழான வழக்கில், சொட்டு நீர்கூட வெளியே விடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் சொன்னது. அது நடக்கவில்லை என்று 2011 ஜனவரி 28 அன்று திருப்பூர் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு ஆர்.ஓ. (மெம்பிரேன் என்ற நுண்சவ்வு வழியே அழுத்தித் தண்ணீரையும் உப்பையும் பிரிப்பது), எவாப்பரேட்டர் (மீதித் தண்ணீரை ஆவியாக்குவது) இல்லாமல் சாயப்பட்டறை இல்லை என்று ஆகிவிட்டது. கோடிக் கணக்கில் பணம் புரளும் வேலை, வாங்குகிறவருக்கோ உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. இந்தத் தொழிலில் நல்ல ஆலோசகர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களோடு மற்றவர்களும் சேர்ந்தே நடமாடுகிறார்கள்.

ஆலோசகரும் கான்ட்ராக்டரும் ஒரே ஆளாக இருக்கலாமா?

இருக்கலாம், ஆனால் அப்போது அவரை ஆலோசகர் என்று நினைக்காதீர்கள். அவர் மெஷின் விற்கிறவர். எத்தனை மெம்பிரேன் வேண்டும் என்று முடிவு செய்கிறவரே மெம்பிரேன் விற்றால் அந்த எண்ணிக்கை யாருக்குச் சாதகமாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

டிசைன், விற்பனை, நிறுவுதல் எல்லாம் ஒரே கம்பெனியிடம் கொடுப்பது தவறில்லை. சிறிய யூனிட்டுகளில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. அப்படிக் கொடுத்தால், அவர் டிசைனைச் சரிபார்க்க சம்பந்தமே இல்லாத இன்னொருவருக்குத் தனியாக ஒரு சிறு தொகை கொடுங்கள். பொறியியல் கல்லூரியின் சுற்றுச்சூழல் துறைப் பேராசிரியர், ஓய்வு பெற்ற பொதுச் சுத்திகரிப்பு நிலைய மேலாளர் என யாராகவும் இருக்கலாம். மொத்தச் செலவில் அது ஒரு மூலைக்குக் காணாது.

ஆலோசகர் மெஷின் கம்பெனியிடம் கமிஷன் வாங்குகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஃபீஸைப் பாருங்கள். டிசைன், டிராயிங், டெண்டர், சைட் மேற்பார்வை எல்லாவற்றையும் நம்ப முடியாத குறைந்த தொகைக்குச் செய்து தருகிறேன் என்றால், மீதியை வேறு யாரோ கொடுக்கிறார்கள். அதைக் கடைசியில் மெஷின் விலையில் நீங்கள்தான் கட்டுவீர்கள்.

அடுத்து ஸ்பெசிஃபிகேஷனைப் பாருங்கள். பம்புக்கு இத்தனை கன மீட்டர், இத்தனை பார் அழுத்தம், இன்ன உலோகம் என்று எழுதினால் அது ஸ்பெசிஃபிகேஷன். ஒரே கம்பெனியின் மாடல் நம்பரை எழுதிவிட்டு "அல்லது அதற்கு இணையானது" என்ற வரிகூட இல்லாவிட்டால் அது ஆர்டர் ஃபாரம். காரணம் கேளுங்கள். "ஏற்கெனவே உங்களிடம் இந்த பம்ப் ஓடுகிறது, ஸ்பேர் ஒன்றாகவே இருக்கட்டும்" என்பது நியாயமான பதில். "அதுதான் சார் பெஸ்ட்" என்பது பதிலே இல்லை.

நீங்களே ஒரு வெண்டரைக் கூட்டிவந்து கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள். நேர்மையான ஆலோசகர் அதையும் மற்றவற்றோடு சேர்த்து ஒப்பிட்டுத் தருவார். மற்றவர் அந்த வெண்டர் கதவைத் தாண்டும் முன்பே குறை சொல்ல ஆரம்பிப்பார்.

ஒர்க் ஆர்டரில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: இந்தத் திட்டம் தொடர்பாக வேறு எவரிடமிருந்தும் பணமோ பொருளோ பெறவில்லை, பெறமாட்டேன், பெற்றது தெரியவந்தால் ஃபீஸ் முழுவதையும் திருப்பித் தருவேன். இதில் கையெழுத்துப் போட எத்தனை நாள் இழுக்கிறார் என்று கவனியுங்கள்.

லெட்டர்பேடில் இருக்கிற பதிவு எண்களை வைத்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

நிறைய. காசு செலவில்லை, அரை மணி நேரம் போதும்.

ஜி.எஸ்.டி. எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 15 எழுத்துகள். முதல் இரண்டும் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அவருடைய பான் எண். அந்த 15-இல் ஆறாவது எழுத்தைப் பாருங்கள். 'சி' என்றால் கம்பெனி, 'எஃப்' என்றால் பார்ட்னர்ஷிப், 'பி' என்றால் தனி ஆள். லெட்டர்பேடில் பிரைவேட் லிமிடெட் என்று தங்க எழுத்தில் அடித்திருக்கும், ஆறாவது எழுத்து 'பி'-யாக இருக்கும். இதை நானே ஒன்றுக்கு மேற்பட்ட கொட்டேஷனில் பார்த்திருக்கிறேன். கம்பெனி என்று ஒன்றே இல்லை. ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயர், பதிவான தேதி, ரிட்டர்ன் ஒழுங்காகப் போடுகிறாரா என்பதும் வரும். அவர் ரிட்டர்ன் போடாவிட்டால் உங்களுடைய இன்புட் கிரெடிட்டும் சிக்கலாகும், அதற்காகவாவது பாருங்கள்.

உண்மையிலேயே கம்பெனி என்றால் சி.ஐ.என். என்ற 21 எழுத்து எண் இருக்கும். அதில் ஒன்பதாவது எழுத்திலிருந்து நான்கு இலக்கம் கம்பெனி பதிவான வருடம். "இருபது வருட அனுபவம்" என்று பேசுகிறவரின் எண்ணில் 2022 இருந்தால், முன்னால் எந்தப் பெயரில் தொழில் செய்தீர்கள், அந்தக் கம்பெனி என்ன ஆயிற்று என்று கேளுங்கள். நியாயமான காரணம் இருக்கலாம். கடன்காரர்களை விட்டுவிட்டுப் புதுப் பெயர் வைத்ததாகவும் இருக்கலாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இயக்குநர்களின் பெயரைப் பிடித்துப் போனால் பழைய கம்பெனிகளும் வெளியே வந்துவிடும்.

உத்யம் சான்றிதழை ஒரு தகுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது சுய அறிவிப்பில் இலவசமாகக் கிடைப்பது. அவர் குறு, சிறு நிறுவனம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

ஐ.எஸ்.ஓ. சான்றிதழும் அப்படித்தான், கொஞ்சம் கூடுதல் வேலை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. அமைப்பு யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. தனித்தனிச் சான்றளிப்பு நிறுவனங்கள் தருகின்றன, அந்த நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தர இன்னொரு அமைப்பு இருக்கிறது. இந்தியாவில் அது என்.ஏ.பி.சி.பி. சான்றிதழில் அந்த மாதிரி அங்கீகார முத்திரை ஒன்றும் இல்லாமல், கழுகுப் படமும் உலக உருண்டையும் மட்டும் இருந்தால் ஃபிரேமுக்குத்தான் மதிப்பு.

எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. கொட்டேஷனில் இருப்பது உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தொழில்நுட்பம் வேண்டாம், கணக்கு தெரிந்தால் போதும். உப்புக் கணக்கு.

ஒரு உதாரணம். தினமும் 100 கிலோலிட்டர் கழிவுநீர், டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோலிட்டருக்கு 6 கிலோ. 100-க்கு 600 கிலோ. அதாவது ஒவ்வொரு நாளும் 600 கிலோ உப்பு உங்கள் நிலையத்துக்குள் போகிறது. மாதம் 25 நாள் ஓடினால் 15 டன். அந்த உப்பு எங்கேயும் மறையாது. ஆர்.ஓ. அதைப் பிரித்து ஒரு பக்கம் ஒதுக்கும், எவாப்பரேட்டர் தண்ணீரை விரட்டிக் கெட்டியாக்கும், கடைசியில் அது மூட்டையாகவோ மறுபடி சாயத்துக்குப் போகும் உப்புக் கரைசலாகவோ வெளியே வர வேண்டும். கொட்டேஷன் கொடுத்தவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "என்னுடைய 600 கிலோ உப்பு தினமும் எந்த வழியாக, எந்த வடிவத்தில் வெளியே வரும்?" தெரிந்தவர் பேனாவை எடுத்து அங்கேயே போட்டுக் காட்டுவார். மற்றவர் பிரசென்டேஷனில் அடுத்த ஸ்லைடுக்குப் போவார்.

அடுத்த படி. ஆர்.ஓ.-வில் 90 சதவீதம் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்கிறார். சரி, மீதி 10 கிலோலிட்டர் ரிஜெக்ட். அதே உப்பு பத்தில் ஒரு பங்கு தண்ணீரில் நிற்கிறது, அதாவது டி.டி.எஸ். ஏறக்குறைய 60,000. இது கடல் நீரைவிட அதிகம். சாதாரண உப்பாக இருந்தால் அந்தக் கரைசலின் சவ்வூடு அழுத்தமே 45 பாருக்கு மேல் வரும். அதைத் தாண்டித் தள்ளினால்தான் தண்ணீர் மெம்பிரேனைக் கடக்கும். கொட்டேஷனில் கடைசிக் கட்ட பம்ப் 20 பார் என்று எழுதியிருந்தால் 90 சதவீதம் என்பது பொய். சோடியம் சல்ஃபேட் பயன்படுத்துகிறவர்களுக்கு அழுத்தம் இதைவிடக் குறையும், ஆனாலும் 20 பாரில் நடக்காது.

இன்னும் ஒரு படி. ரிஜெக்ட் 10 கிலோலிட்டர் என்றால் எவாப்பரேட்டர் அதைச் சாப்பிட வேண்டும். விலையைக் குறைத்துக் காட்ட 5 கிலோலிட்டர் எவாப்பரேட்டர் போட்டிருப்பார்கள். மீதி 5 எங்கே போகும்? இரவு பன்னிரண்டு மணிக்கு எங்கே போகும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பிடிபட்டால் சீல் வைக்கப்படுவது உங்கள் கேட்டுக்குத்தான், அவர் ஆபீசுக்கு அல்ல.

நீராவியையும் கேளுங்கள். ஒரே எஃபெக்ட் (ஆவியாக்கும் கட்டம்) உள்ள எவாப்பரேட்டரில் ஒரு டன் தண்ணீரை ஆவியாக்க ஒரு டன்னுக்குக் குறையாமல் நீராவி வேண்டும். நான்கு எஃபெக்ட் என்றால் அதில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே. ஆக 10 கிலோலிட்டருக்கு தினம் 3 டன் நீராவி, விறகு பாய்லர் என்றால் சுமார் ஒரு டன் விறகு. இந்த விறகுச் செலவு கொட்டேஷனின் "ஓட்டும் செலவு" அட்டவணையில் இருக்கிறதா? பல கொட்டேஷன்களில் மின்சாரமும் கெமிக்கலும் மட்டும் இருக்கும், நீராவி "பார்ட்டியின் பொறுப்பு" என்று கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் கிடக்கும்.

எவாப்பரேட்டரே வேண்டாம், வெயிலில் காயவைக்கும் பாத்தி போதும் என்கிறவர்களுக்கும் கணக்கு உண்டு. நல்ல வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகும், உப்பு கூடக்கூட அது குறையும். 10 கிலோலிட்டருக்கு அரை ஏக்கருக்கு மேல் பாத்தி வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து பாத்தி நிரம்பினால் என்ன செய்வது என்றும் கேட்டு வையுங்கள்.

பாக்டீரியா பவுடர் போட்டால் டி.டி.எஸ். குறையும் என்கிறாரே?

குறையாது. பாக்டீரியா கரிமப் பொருளைத் தின்னும், அதனால் அந்தக் கரிமக் கழிவின் அளவைக் காட்டும் பி.ஓ.டி., சி.ஓ.டி. குறையும். கரைந்த உப்பை அது தின்னாது. எலக்ட்ரோ கோயாகுலேஷன், ஓசோன் இவையும் நிறத்தை எடுக்கும், உப்பை அல்ல. ஒரு கண்ணாடி டம்ளரில் சிவப்புத் தண்ணீரைத் தெளிவாக்கிக் காட்டுகிற டெமோ பார்க்க நன்றாகத்தான் இருக்கும். டெமோ முடிந்ததும் உங்கள் பட்டறையில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரை அந்த டம்ளரில் விட்டுப் பாருங்கள்.

அவர் கொடுக்கிற லேப் ரிப்போர்ட்டை நம்பலாமா?

சாம்பிளை எடுத்தது யார் என்பதில் தொடங்குங்கள். ஆலோசகரே பாட்டிலில் பிடித்து, அவரே லேபுக்குக் கொண்டுபோய், அவரே ரிப்போர்ட் கொண்டுவந்தால் அது அவருடைய ரிப்போர்ட். சாம்பிளை உங்கள் ஆளும் சேர்ந்து எடுக்க வேண்டும், பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், ரிப்போர்ட் லேபிலிருந்து நேராக உங்கள் மெயிலுக்கு வர வேண்டும்.

அப்புறம் தேதி. நம் நாட்டில் பி.ஓ.டி. சோதனை என்பது 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பது. சாம்பிள் வந்தது திங்கள், ரிப்போர்ட் செவ்வாய், அதில் பி.ஓ.டி. மதிப்பும் இருக்கிறது என்றால் அந்தச் சோதனை நடக்கவே இல்லை. இந்த ஒரு பார்வையிலேயே பல ரிப்போர்ட்கள் விழுந்துவிடும்.

லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் முத்திரை இருந்தால் அந்த லேபுக்கு எந்தெந்தச் சோதனைகளுக்கு அங்கீகாரம் என்று அதன் தளத்தில் பட்டியல் இருக்கும். சில லேப்கள் குடிநீருக்கு மட்டும் வாங்கிவிட்டு கழிவுநீருக்கும் அதே முத்திரையைக் குத்தித் தரும்.

டிசைனுக்கு அடிப்படையான சாம்பிள் எப்போது எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். கடைசி அலசல் தண்ணீரை மட்டும் பிடித்தால் எல்லா அளவும் குறைவாக வரும், நிலையமும் சின்னதாக, விலையும் மலிவாக வரும். சாய பாத் இறக்கும் நேரம் உட்பட 24 மணி நேரமும் எடுத்துக் கலந்த சாம்பிள் வேண்டும். அதுவும் ஒரு நாள் போதாது. கருப்பு ஓடுகிற நாளும் வெளிர் நிறம் ஓடுகிற நாளும் ஒன்றல்ல என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று கொட்டேஷன் வாங்கிவிட்டேன். அது போதாதா?

மூன்றையும் யார் வாங்கிக் கொடுத்தார்? ஆலோசகரே வாங்கித் தந்தால் மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். விலையைப் பார்க்காதீர்கள், எழுத்துப் பிழையைப் பாருங்கள். ஒரே வார்த்தை மூன்றிலும் ஒரே மாதிரி தப்பாக இருக்கிறதா? ஏழாவது வரிசை எண் மூன்றிலும் விடுபட்டு எட்டுக்குத் தாவுகிறதா? அட்டவணையின் கோடுகள் ஒரே அகலமா? பி.டி.எஃப். ஃபைலின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் உருவாக்கியவர் பெயரும் நேரமும் தெரியும். மூன்று வெவ்வேறு கம்பெனிகளின் கொட்டேஷன் ஒரே கம்ப்யூட்டரில் பத்து நிமிட இடைவெளியில் உருவானது என்று அது சொல்லிவிடும். இன்னொரு அடையாளம், இரண்டாவது மூன்றாவது கொட்டேஷன்கள் ஒவ்வொரு வரியிலும் முதலாவதைவிடச் சரியாக 8 சதவீதம், 12 சதவீதம் என்று கூடுதலாக இருப்பது. உண்மையான போட்டியில் ஒருவருக்கு டேங்க் மலிவாக இருக்கும், இன்னொருவருக்கு பம்ப் மலிவாக இருக்கும்.

இப்படிக் கூட்டுச் சேர்ந்து விலை போடுவது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி தடை செய்யப்பட்டதுதான். அதை விரட்டிக்கொண்டு போக உங்களுக்கு நேரம் இருக்காது. ஆளை மாற்றுங்கள், போதும்.

"மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எனக்கு ஆள் தெரியும், கன்சென்ட் (வாரிய அனுமதி) என் பொறுப்பு" என்கிறார். வேலை சுலபமாகுமே?

இந்த வாக்கியத்தைக் கேட்டதும் எழுந்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. உண்மையில் ஆள் தெரியுமா இல்லையா என்பது இருக்கட்டும், அவர் உங்களுக்கு விற்பது டிசைன் அல்ல. டிசைன் சரியாக இருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் திருத்தம் வந்த பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி, ஏழு ஆண்டு வரை சிறை. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். இடையில் நின்ற ஆலோசகர் பெயர் எங்கேயும் இருக்காது.

இதில் இன்னொரு சின்ன மோசடி உண்டு. கன்சென்ட் கட்டணம் உங்கள் யூனிட்டின் நிலையான சொத்து மதிப்பையும் மாசின் அளவை வைத்து அது எந்த வண்ணப் பிரிவில் வருகிறது என்பதையும் பொறுத்து அரசு நிர்ணயிப்பது, ஆன்லைனில் கட்டலாம். அதைப் பணமாகக் கொடுங்கள், நான் கட்டிவிடுகிறேன் என்று கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். நீங்களே கட்டுங்கள், ரசீதை வையுங்கள். விண்ணப்பக் கணக்கைத் திறக்கும்போது உங்கள் மொபைல், உங்கள் மெயில், உங்கள் பாஸ்வேர்ட். அவருடைய மொபைல் எண்ணில் திறந்துவிட்டால், அடுத்த முறை புதுப்பிக்கும்போது ஓ.டி.பி. கேட்டு அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

அவர் கட்டிய வேறு யூனிட்டைக் காட்டுகிறேன் என்கிறார். போய் என்ன பார்க்க வேண்டும்?

அவர் காட்டுகிற ஒன்றுக்கு அவரோடு போங்கள். பட்டியலில் இருக்கிற இன்னொன்றுக்கு அவர் இல்லாமல் போங்கள். முதலாளியோடு காபி குடித்தது போக, ஆபரேட்டரோடு பத்து நிமிடம் நில்லுங்கள். முதலாளி தன் பணத்தைத் தப்பாகப் போட்டேன் என்று உங்களிடம் சொல்ல மாட்டார். ஆபரேட்டர் சொல்லுவார்.

ஃபிளோ மீட்டரில் இதுவரை ஓடிய மொத்த அளவு காட்டும் எண் இருக்கும். ஆர்.ஓ.-வுக்குள் போகிற மீட்டர், நல்ல தண்ணீர் வெளிவரும் மீட்டர் இரண்டையும் போனில் படமெடுங்கள். வெளிவந்ததை உள்ளே போனதால் வகுத்தால் உண்மையான மீட்பு சதவீதம், பிரசென்டேஷனில் இருந்தது அல்ல. பிறகு எவாப்பரேட்டர் பக்கம் போங்கள். உப்பு மூட்டை அடுக்கியிருக்கிறதா? எத்தனை நாள் மூட்டை? தூசி படிந்த எவாப்பரேட்டரும் மூட்டையே இல்லாத ஷெட்டும் என்றால் நிலையம் ஓடவில்லை என்று அர்த்தம். மெம்பிரேனை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்?

ஆலோசனைக்கு மட்டும் என்றால் சிறு தொகை முன்பணம், மீதி ஒவ்வொரு ஆவணம் கைக்கு வந்ததும். கட்டுமான ஒப்பந்தம் என்றால் பொதுவாக 10 முதல் 30 சதவீதம் வரை கேட்பார்கள். அதில் தவறில்லை, ஸ்டீலும் மெம்பிரேனும் அவரும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் பெரிய அட்வான்ஸுக்கு அதே தொகைக்கு பேங்க் கேரண்டி கேளுங்கள்.

அந்த கேரண்டி தாளை அப்படியே பீரோவில் வைக்காதீர்கள். போலி பேங்க் கேரண்டி என்பது பெரிய அரசு நிறுவனங்களையே ஏமாற்றிய விஷயம். கேரண்டி கொடுத்த வங்கி, எஸ்.எஃப்.எம்.எஸ். என்ற வங்கிகளுக்கிடையேயான செய்தி முறையில் உங்கள் வங்கிக்கு உறுதிச் செய்தி அனுப்ப வேண்டும். உங்கள் மேனேஜரிடம் "வந்துவிட்டதா" என்று கேளுங்கள். கேரண்டி தாளில் அச்சடித்திருக்கும் போன் நம்பருக்கு அடித்து உறுதி செய்வதில் அர்த்தமில்லை, அந்தத் தாளை அடித்தவரே எடுத்துப் பேசலாம்.

கடைசித் தவணையாக ஒரு நல்ல பங்கு உங்கள் கையில் இருக்கட்டும். எல்லாம் கொடுத்து முடித்த பிறகு போனை எடுக்கிறவர்கள் குறைவு.

ஒப்பந்தத்தில் எதை எழுதாமல் நழுவப் பார்ப்பார்கள்?

எண்களை. "வாரிய விதிமுறைகளுக்கு ஏற்றவாறு சுத்திகரிக்கப்படும்" என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவார்கள். உள்ளே வரும் தண்ணீர் இன்ன அளவு வரை இருந்தால், வெளியே வருவது இன்ன அளவுக்குள் இருக்கும், மீட்பு இத்தனை சதவீதம், கிலோலிட்டருக்கு இத்தனை யூனிட் மின்சாரம், இத்தனை கிலோ நீராவி, இது வராவிட்டால் இத்தனை ரூபாய் பிடித்தம். இப்படி எழுதச் சொன்னால்தான் முகம் மாறும். நேர்மையானவரும் இதில் பேரம் பேசுவார், உள்ளே வரும் தண்ணீருக்கு வரம்பு கேட்பார், அது அவருடைய நியாயம். கேட்காமல் எதற்கும் சரி என்கிறவரைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

அப்புறம் ஓட்டிக் காட்டுவது. முழுக் கொள்ளளவில், தொடர்ந்து 72 மணி நேரமாவது, உங்கள் மீட்டரில், வெளி லேப் சாம்பிளோடு. வாரியம் ஆய்வுக்கு வருகிற அன்று காலை நல்ல தண்ணீரைக் கலந்து ஓட்டிக் காட்டுவதை கமிஷனிங் என்று எழுதிக்கொடுக்காதீர்கள்.

வேலை சரியில்லை. பணத்தை நிறுத்திவைத்தால் போதுமா?

போதாது, எழுதி அனுப்ப வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை. அவர் உத்யம் பதிவுள்ள குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் அவர் பக்கம் நிற்கும். பொருளோ சேவையோ வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் நீங்கள் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். பணம் அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. இந்தச் சட்டப்படி தகராறைத் தீர்க்கும் கவுன்சில் உங்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னால், அதை எதிர்த்துப் போகவே தொகையில் 75 சதவீதம் கட்ட வேண்டும். சட்டம் சிறு தொழிலைக் காப்பாற்ற வந்தது, நல்ல சட்டம். விவரம் தெரிந்த மோசடிக்காரரும் அதைப் பயன்படுத்திக்கொள்வார். போனில் சண்டை போட்டது ஆட்சேபம் ஆகாது. மெயில் அனுப்புங்கள், ரிஜிஸ்டர் தபாலும் போடுங்கள், படங்களையும் லேப் ரிப்போர்ட்டையும் சேருங்கள்.

ஏமாந்தே விட்டேன். போலீசுக்குப் போகலாமா?

போகலாம். ஆனால் "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். வேலையைச் சரியாகச் செய்யாதது ஒப்பந்த மீறல் மட்டுமே. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் மோசடி, பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318-ஆவது பிரிவு. போலிச் சான்றிதழ், போலி பேங்க் கேரண்டி, செய்யாத சோதனைக்கு ரிப்போர்ட், கட்டாத யூனிட்டைக் கட்டியதாகக் காட்டிய பட்டியல் ஆகியவை இருந்தால் அந்த எண்ணத்துக்கு ஆதாரம் கிடைத்துவிடும். முதல் நாளிலிருந்து வந்த பிரசென்டேஷன், வாட்ஸாப், விசிட்டிங் கார்டு எதையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

பணத்தைத் திரும்ப வாங்க வழக்கு என்றால் பொதுவாக மூன்று ஆண்டு காலக்கெடு. ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு ஷரத்து இருந்தால் அந்த வழியில்தான் போக வேண்டும். மூன்று லட்சத்துக்குக் குறையாத வணிகத் தகராறு என்றால், அவசரத் தடை கேட்காதபோது, வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம். நல்ல வக்கீலைப் பாருங்கள், இதையும் வாட்ஸாப் குரூப்பில் கேட்டு முடிக்காதீர்கள்.

குறைந்த விலை சொன்னாலே சந்தேகப்பட வேண்டுமா?

வேண்டாம். புதிதாகத் தொழிலுக்கு வந்த இன்ஜினியர் லாபத்தைக் குறைத்துப் பெயர் வாங்கப் பார்க்கலாம். எதைக் குறைத்தார் என்று மட்டும் கேளுங்கள்.

வேலை முடிந்து கணக்கு முடிக்கும் முன் கையில் வாங்கிக்கொள்ள வேண்டியவை என்ன?

கட்டி முடித்தபடியான டிராயிங், மெம்பிரேன்களின் சீரியல் நம்பர், ஒவ்வொரு மெஷினுக்கும் தயாரிப்பாளரின் வாரன்டி உங்கள் பெயரில். சீரியல் நம்பரைத் தயாரிப்பாளருக்கு மெயில் அனுப்பிக் கேட்டால் அது புதியதா, வேறு எங்கோ ஓடிய பழையதா என்று தெரிந்துவிடும்.

எல்லோரும் மறப்பது கன்ட்ரோல் பேனலில் இருந்து பிளான்ட்டை ஓட்டும் சிறு கம்ப்யூட்டரான பி.எல்.சி.-யின் பாஸ்வேர்டும் புரோகிராமின் காப்பியும். அது அவரிடமே இருந்தால் ஒரு டைமரை மாற்றக்கூட அவரைத்தான் கூப்பிட வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரு பில். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு பிளான்ட் தானாக நின்றுபோகும்படி எழுதிவைத்துவிட்டு பாக்கியைக் கேட்பவர்களும் உண்டு. பேனல் செய்தவரை வரவழைத்து, பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்து, புரோகிராமைப் பென் டிரைவில் இறக்கி, அதையே மறுபடி ஏற்றி, பிளான்ட் ஓடுகிறதா என்று உங்கள் எலக்ட்ரீஷியன் கண்ணால் பார்க்கட்டும். அதன் பிறகு கடைசி செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.